கம்பவுண்டர் தாத்தாவின் பெட்டி

அன்புள்ள ஐயா,

என் தாத்தா திருமங்கலத்தில் கம்பவுண்டராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ‘கிரேஸ் அனாடமி’ என்ற உடற்கூறு நூல் கிடைத்தது. லட்சக்கணக்கில் போகும் என்கிறார் நண்பர். எனக்கு விற்க மனமில்லை. இதிலிருந்து தொடங்கி, முன்னோடி அறுவை மருத்துவர்களின் பழைய நூல்களைச் சேர்க்க ஆசை. எதைத் தேடலாம்?

செ.

அன்புள்ள செ.,

முதலில் அச்சு ஆண்டைப் பாருங்கள். நண்பர் சொல்லும் விலை 1858-இல் லண்டனில் வந்த முதல் பதிப்புக்கு. அது பாடப்புத்தகம், இன்றுவரை பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. நம்மூர்ப் பெட்டிகளில் நான் பார்த்தவை எல்லாம் பிற்காலப் பதிப்புகள்தான்.

ஆனால் அந்தப் புத்தகத்துக்கும் மதுரைக்கும் ஒரு தொடுப்பு உண்டு. எழுதியவர் ஹென்றி கிரே. 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். முகப்பில் கார்ட்டர் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னவர் கிரேதான்! புத்தகம் வெளிவருமுன்பே கார்ட்டர் பம்பாய்க்குக் கப்பலேறிவிட்டார். அங்கே அவர் கவனத்தைப் பிடித்துக்கொண்டது நோயாளிகளிடம் கண்ட ஒரு பாத நோய். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்கு முள் குத்திய இடத்தில் கிருமி புகுந்து, பாதம் வீங்கி, துளை துளையாகச் சீழும் கருப்பு, வெள்ளை மணிகளும் வெளிவரும். 1842-இல் மதுரையில் கில் என்ற மருத்துவர் எழுதிவைத்த நோய் இது. இன்றும் டாக்டர்கள் ‘மதுரா ஃபுட்’ என்றுதான் சொல்கிறார்கள். (மல்லிக்கும் சுங்குடிக்கும் அப்புறம் இந்த நோயைத் தரும் ஒரு பூஞ்சைக்கும் நம்மூர்ப் பெயர்: மதுரெல்லா.) கார்ட்டர் 1874-இல் இதற்கென்றே, அதாவது மருத்துவப் பெயரில் சொன்னால் மைசெட்டோமா பற்றி, ஒரு நூல் கொண்டுவந்தார். நானாக இருந்தால் கிரேயை விட்டுவிட்டு அதைத்தான் தேடுவேன்.

அப்புறம், தமிழில் வந்தவை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், டுருவிட் என்ற ஆங்கிலேய மருத்துவரின் அறுவை மருத்துவ நூலை ‘இரண வைத்தியம்’ என்று தமிழாக்கினார். வெளிவந்தது 1867-இல். கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ்பிடிக்காமல் காக்கலாம் என்று அறுவை மருத்துவர் லிஸ்டர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியதும் அதே ஆண்டுதான். லிஸ்டருக்கு முந்தைய கத்தியும் கட்டும் எப்படி இருந்தன என்பதைத் தமிழிலேயே படிக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

வாங்கும் முன் படத்தாள்களை எண்ணிவிடுங்கள். எனக்கு ஒருமுறை பார்சலில் வந்த புத்தகத்தில், வண்ணப் படங்கள் இருந்த இடத்தில் பிளேடு வைத்து அறுத்த ஓரம்தான் மிச்சம். படங்கள் சட்டம் போட்டு யார் வீட்டுச் சுவரிலோ தொங்கும். இராமபாணப் பூச்சி போட்ட ஓட்டைகள் பரவாயில்லை. புதிதாகத் தூள் உதிர்ந்தால் மட்டும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது.

டிங்சர் கறை, ஓரக்குறிப்பு எதையும் துடைக்காதீர்கள். என்னிடம் உள்ள ஒரு நூலில், எலும்பு முறிவுப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: ‘மூங்கில் பத்தை 4, பழைய வேட்டி’. கால் யாருடையதோ. உங்கள் தாத்தா ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் முகப்பையும் படம் எடுத்து அனுப்புங்கள்.