பொண்ணு ஹேக்கிங் படிக்கிறாளேன்னு பயப்படுற அம்மாவுக்கு

உங்க மெசேஜ் முழுசா படிச்சேன்மா. பொண்ணு ராத்திரி பூரா லாகின் பாக்ஸ்ல ஏதேதோ குறி போட்டுப் பாக்குறா, கேட்டா எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன்னு சொல்றா, இது படிப்பா திருட்டு வேலையான்னு கேட்டிருந்தீங்க. படிப்புதான்மா, நல்ல படிப்பு. ஆனா உங்க பயத்துலயும் நியாயம் இருக்கு, அதுக்கும் வர்றேன்.

வெப்சைட்ல பேரு கேக்குற பாக்ஸ் இருக்குல்ல, அதுல நாம டைப் பண்றத கோடு எழுதினவர் அப்படியே டேட்டாபேஸ் (தகவலையெல்லாம் சேர்த்து வைக்கிற இடம்) கட்டளையோட ஒட்டி அனுப்பிட்டாருன்னா, எது கட்டளை எது வெறும் பேருன்னு டேட்டாபேஸுக்குப் பிரிக்கத் தெரியாது. ஓ'பிரையன்னு ஒருத்தர் சொந்தப் பேரைப் போட்டாலே நடுவுல இருக்குற அந்த ஒத்தைக் குறி கட்டளையைப் பாதியில முடிச்சிடும், எரர் வரும், வேணும்னே அந்தக் குறிக்குப் பின்னாடி வேற கட்டளை எழுதுறவன் எல்லார் தகவலையும் உருவிடுவான். இதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன். 1998லயே வெளிய வந்த விஷயம் இது, இன்னும் தீரல. 2023ல மூவ்இட்ங்கிற ஃபைல் அனுப்புற சாஃப்ட்வேர்ல இதே மாதிரி ஓட்டை வழியாத்தான் உலகம் பூரா ஏகப்பட்ட நிறுவனங்களோட டேட்டா போச்சு.

அதனால இந்தத் துறைக்குத் தேவை இருக்கு. ஆனா ஓட்டை தேடுற டூல் ஓட்டத் தெரிஞ்ச பசங்க நிறைய பேர் இருக்காங்க, இன்டர்வியூல ஓட்டையை எப்படி அடைப்பன்னு கேட்டா "அந்தக் குறியை எல்லாம் நீக்கிடுவேன் சார்"னு சொல்லி மாட்டிக்கிறாங்க. நீக்கினா ஓ'பிரையன் பேரு கெட்டுப்போகும், ஓட்டையும் முழுசா அடையாது. கட்டளையைத் தனியா, டைப் பண்ணினதைத் தனியா அனுப்புற பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்தான் சரியான பதில். டைப் பண்ணினதையே திரும்ப வெப் பேஜ்ல காட்டும்போது ஸ்கிரிப்டா (பிரவுசர் ஓட்டுற கோடா) ஓடாம வெறும் எழுத்தா தெரியுற மாதிரி எஸ்கேப் பண்ணணும், இது எக்ஸ்எஸ்எஸ், அதாவது பக்கத்தைப் பாக்குறவங்க பிரவுசர்ல அடுத்தவன் கோடு ஓடுற தாக்குதல், வராம இருக்க. பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட் வச்சு செக் பண்றதை மட்டும் நம்பவே கூடாது, பிரவுசரே இல்லாம நேரா சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பலாம். அவ கையால ஒரு லாகின் பேஜ் எழுதி, தானே உடைச்சு, தானே சரி பண்ணி வச்சிருந்தா அதுதான் ரெஸ்யூமேல நிக்கும்.

இப்ப உங்க பயம். 2015ல இங்கிலாந்துல டாக்டாக்ங்கிற டெலிபோன், இன்டர்நெட் கம்பெனியோட ஒன்றரை லட்சத்துக்கு மேல கஸ்டமர் தகவல் இதே இன்ஜெக்ஷன்ல போச்சு, அந்த கேஸ்ல குற்றத்தை ஒத்துக்கிட்ட ஒரு பையனுக்கு வயசு 17தான். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பெருமை காட்டத்தான் பண்ணேன்னு கோர்ட்ல சொன்னான், தண்டனை கிடைச்சுது. அனுமதி இல்லாத சைட்ல ஒரு குறி கூடப் போட்டுப் பாக்க வேணாம்னு கண்டிப்பா சொல்லுங்க. பழகுறதுக்குன்னே ஓட்டையோட செஞ்சு வச்சிருக்குற ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப் இருக்கு, போர்ட்ஸ்விகர்ங்கிற கம்பெனியோட வெப் செக்யூரிட்டி அகாடமிங்கிற ஆன்லைன் பயிற்சி இருக்கு, ரெண்டும் இலவசம். பெரிய காசு கட்டுற சர்டிஃபிகேட் கோர்ஸ் இப்ப வேணாம்மா, அகாடமில எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் லேப் (செஞ்சு பாக்குற பயிற்சி) முழுசையும் முடிக்கட்டும், அப்புறமும் ஆர்வம் குறையலன்னா எந்தக் கோர்ஸ்னு பேசலாம்.