கொண்டை வெளுக்கிறதா? ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். 16 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். கார்த்திகைக் கடைசியிலிருந்து கொண்டை நுனியில் கறுப்புப் பொட்டுகள். இணையத்தில் தேடினால் பனிக்கடி, கொண்டை அழுகி விழும் என்கிறார்கள். கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, ராத்திரி முழுக்கக் குண்டு பல்பு எரிய விடுகிறேன், கொண்டைக்கு வாசலின் தடவுகிறேன். அப்படியும் மூன்று கோழிகள் கொண்டை வெளுத்துச் சோர்ந்து நிற்கின்றன. போன வாரம் ஒன்று காலையில் செத்துக் கிடந்தது. சாயங்காலம் கூண்டுக்குள் போகாமல் கொய்யா மரத்தில் ஏறிக்கொள்கின்றன. இறகு கொட்டுகிறது, முட்டை குறைந்துவிட்டது, சிலவற்றுக்குக் கால் செதில் தூக்கியிருக்கிறது. பேனோ என்று காபிச் செடிக்கு அடிக்கும் மருந்தை இரண்டு கோழிகள் மேல் அடித்தேன். இந்தக் குளிரில் எல்லாமே போய்விடுமா டாக்டர்?

பதில்: குளிரில் போகாது அம்மா. பனிக்கடி என்பது சதையில் உள்ள நீர் உறைந்துபோவதால் வருவது. அதற்கு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்க வேண்டும். நீங்கள் பார்த்ததெல்லாம் தரையில் பனி மூடிக் கிடக்கும் நாடுகளின் கோழிகள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மார்கழி விடியலில் நமக்குத்தான் பல் கிடுகிடுக்கும். கோழிக்கு உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் இறகுப் போர்வை வேறு. காய்ந்த தரையும், வாடைக்காற்று நேராக அடிக்காத மறைப்பும் இருந்தால் வளர்ந்த கோழிக்குப் போதும். பல்பு குஞ்சுகளுக்குத்தான் தேவை.

கொண்டையில் இருக்கும் பொட்டு, மிளகை ஒட்டவைத்ததுபோல் தடித்திருந்தால் அது கோழி அம்மை. கொசு கடித்துப் பரவுவது. பொருக்கு மூன்று நாலு வாரத்தில் தானாக உதிரும், பிய்க்காதீர்கள். வாய்க்குள் மஞ்சள் படலம் கட்டி விழுங்க முடியாமல் திணறினால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இறகு கொட்டுவதும் அந்தச் சமயத்தில் முட்டை குறைவதும், பகல் சுருங்கும் மாதங்களில் கோழிக்கு வழக்கம்தான். கால் செதில், அடியில் புகுந்த நுண்ணிய பூச்சியின் வேலை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷால் தேய்த்து, அந்த வாசலினைக் காலுக்குத் தடவுங்கள். சில நாளுக்கு ஒரு முறை, சில வாரங்கள். மண்ணெண்ணெய் கூடவே கூடாது, தோல் வெந்துவிடும்.

கோழிகள் கூண்டுக்குள் போக மறுக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். இருட்டினால் பழகிய இடத்துக்கே வந்து அடைவது கோழியின் குணம். அது பல்பு எரியும் கூண்டை விட்டுக் குளிரில் மரமேறுகிறது என்றால், ராத்திரி உள்ளே ஏதோ அதைக் கடித்துப் பிடுங்குகிறது. கூடவே கொண்டையும் வெளுத்திருப்பதால், ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போங்கள். கோழி உட்காரும் கழியின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ரத்தக் கோடு விழுந்தால் செள்ளு. கடுகைவிடச் சின்னது, ரத்தம் குடித்தால் சிவப்பாகிவிடும். பலகை இடுக்கில் தர்பூசணி விதைபோல் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது கோழி உண்ணி. இரண்டுமே பகலில் பெரும்பாலும் கோழி மேல் இருக்காது. அதனால்தான் பகலில் இறகை எவ்வளவு விலக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாமல், ஆட்கள் குளிர்மேல் பழி போடுகிறார்கள். மலைப்பக்கம் கழிக்குச் சில்வர் ஓக் கிளையைப் பட்டையோடு வைத்துவிடும் பழக்கம் உண்டு. அந்தப் பட்டைக்கடியில் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும்.

தார்ப்பாயும் பல்பும் செய்தது என்ன தெரியுமா? கதகதப்பில் செள்ளு ஏழு முதல் பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து வளர்ந்து ரத்தம் குடிக்கத் தயாராகிவிடும். அந்தக் கதகதப்பைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். ஈரமும் எச்சத்தின் நெடியும் உள்ளேயே தங்கிச் சளி வேறு பிடிக்கும். பல்பை எடுங்கள், மேல்பக்கம் காற்றுப் போக வழி விடுங்கள். பல்புக்குப் பதில் கரியடுப்பை உள்ளே வைத்துவிடாதீர்கள், மூடிய கூண்டில் அந்தப் புகை கோழியைக் கொன்றுவிடும்.

மருந்து முதலில் கூண்டுக்குத்தான். கோழிகளை வெளியேற்றிப் பஞ்சாரத்தில் போடுங்கள். கீழே கிடக்கும் உமியை வாரிக் கொளுத்துங்கள். கழியின் பட்டையை உரித்து எறியுங்கள். இடுக்கெல்லாம் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள். மேலே தெளிக்க வேண்டிய மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஏழு முதல் பத்து நாளில் இன்னொரு தடவை தெளிக்க வேண்டும், முட்டை பொரித்து வருவதை அப்போதுதான் பிடிக்க முடியும். கொஞ்ச நாள் கூண்டைக் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். செள்ளு மாதக்கணக்கிலும், உண்ணி வருடத்துக்கு மேலும் பட்டினி கிடந்து உயிரோடிருக்கும்.

காபிச் செடிக்கு அடிக்கும் மருந்து விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கோழி அலகால் இறகைக் கோதும் பிராணி, மேலே அடித்தது வயிற்றுக்குள் போகும். அந்த இரண்டும் எச்சில் ஒழுக்கினாலோ, நடுங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை அவற்றின் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி ஊசியையும் அளவு தெரியாமல் போடாதீர்கள்.

வெளுத்த மூன்று கோழிகளையும் நாளைக் காலையே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மலையிலிருந்து இறங்க முடியாவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962க்குப் போன் செய்யுங்கள். உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை, பச்சைக் கழிச்சலோடு காய்ச்சலையும் பரப்பும், அதற்கு மருந்து இருக்கிறது. துணியில் ஒன்றும் படவில்லை என்றால் எச்சத்தைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப் போங்கள். குடற்புழுவும் ரத்தக் கழிச்சலும் இதேபோல் வெளுக்க வைக்கும். புழு இருந்தால் இப்போதே மருந்து கொடுத்துவிடலாம், பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) தடுப்பூசி முகாம் வரும்போது ஊசி நன்றாகப் பிடிக்கும்.

இனி ஒன்று செத்தால் புதைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி, சுற்றி ஐஸ் வைத்து, அன்று காலையே பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். ஆனால் ஒரே நாளில் நாலைந்து விழுந்து, முகம் வீங்கிக் கொண்டை நீலம் பாரித்திருந்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். எதையும் தொடாமல் முதலில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், அவர்களே வருவார்கள்.