சர்வர் கோட்ல இருந்து ஜிபிஜி (ஃபைலைப் பூட்டித் திறக்கற மென்பொருள்): கேள்வி பதில்

திருப்பூர்: அண்ணா, பனியன் கம்பெனி சம்பளக் கோப்பை பேங்க்கோட பப்ளிக் கீயில (பூட்டறதுக்குன்னு அவங்க வெளிய குடுக்கற சாவி) ஜிபிஜி வெச்சுப் பூட்டி அனுப்பணும். டெர்மினல்ல சரியா ஓடுது. வெப் சர்வர்ல இருந்து கூப்பிட்டா கீ இல்லைங்குது. ஏனுங்க?

பதில்: கீ உங்க யூசரோட ஹோம்ல இருக்குங்க. வெப் சர்வர் ஓடறது வேற யூசர்ல; உபுண்டுல அது 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. வெப் ரூட்டுக்கு வெளிய தனி டைரக்டரி போட்டு, அந்த யூசருக்கு ஓனர்ஷிப்பும் 700 பெர்மிஷனும் குடுங்க. முழுப் பாதையை '--ஹோம்டிர்'ல சொல்லி, அதே யூசரா கீயை இம்போர்ட் பண்ணுங்க. பாதை சுருக்கமா இருக்கட்டும். ஜிபிஜிக்காகப் பின்னால ஓடி ரகசியக் கீயைப் பாத்துக்கற ஏஜென்ட்டோட சாக்கெட் (ரெண்டும் பேசிக்கற ஃபைல்) அங்கேயே வந்தா, அதோட பாதை லினக்ஸ்ல 108 பைட்டுக்கு மேல போக முடியாது.

அடுத்து, ஆளைக் கேள்வி கேக்காம ஓடறதுக்கான '--பேட்ச்' போட்டதும் "இந்தக் கீயை நம்பலாமா"ங்கற இடத்துல நின்னுரும். எல்லாரும் '--ட்ரஸ்ட்-மாடல் ஆல்வேஸ்' போட்டுத் தாண்டிருவாங்க. போடலாம். ஆனா முதல்ல கீயோட அடையாளமான 40 எழுத்து ஃபிங்கர்பிரின்ட்டை பேங்க்குக்கு போன் போட்டு ஒத்துப் பாத்திருக்கணும். யாருக்குப் பூட்டறோம்னு சொல்ற ரெசிப்பியன்ட்டாவும் அதையேதான் குடுக்கணும். மெயில் ஐடி குடுக்காதீங்க. அதே ஐடியில யார் வேணாலும் கீ உண்டாக்கலாம்.

ஈரோடு: ரகசியக் கீயைத் திறக்கற பாஸ்ஃப்ரேஸை கமாண்ட்லயே எழுதிட்டா என்னங்க?

பதில்: வேண்டாமுங்க. அந்த சர்வர்ல லாகின் இருக்கற யாரும், ஓடற ப்ராசஸைக் காட்டற 'பிஎஸ்' அடிச்சாத் தெரிஞ்சிரும். '--பாஸ்ஃப்ரேஸ்-எஃப்டி 3'னு தனி பைப்ல (ஒரு ப்ராசஸ்ல இருந்து இன்னொண்ணுக்கு டேட்டா போற குழாய்; 3 அதோட நம்பர்) குடுங்க. ஜிபிஜி 2.1ல இருந்து '--பின்என்ட்ரி-மோட் லூப்பேக்' கூட வேணும். இல்லைனா ஏஜென்ட் பாஸ்ஃப்ரேஸ் கேக்கத் திரையைத் தேடி, கிடைக்காம தோத்துரும்.

பொள்ளாச்சி: சின்ன ஃபைல் போகுது. 20 எம்பி ஜிப் குடுத்தா ப்ராசஸ் அப்படியே நிக்குது, எரரும் இல்லை.

பதில்: பைப்தான் காரணமுங்க. லினக்ஸ்ல ஒரு பைப் வழக்கமா 64 கேபிதான் கொள்ளும். உங்க கோட் முழு ஜிப்பையும் எழுதி முடிச்சுட்டுத்தான் அவுட்புட்டைப் படிக்கலாம்னு இருக்குது. ஜிபிஜியோ பூட்டினதை அப்பப்ப வெளிய தள்ளுது. அந்த அவுட்புட் பைப் ரொம்பினதும் ஜிபிஜி நிக்கும், உள்ள வர்றதைப் படிக்காது, உங்க 'ரைட்'டும் நிக்கும். கடைமடை அடைச்சா தலைமடையிலயும் தண்ணி நிக்கற கதைதான். பைதான்ல 'கம்யூனிகேட்' எழுதறதையும் படிக்கறதையும் சேத்தே பாத்துக்கும். பெரிய ஃபைலுன்னா பைப்பே வேண்டாம்: உள்ள ஒரு ஃபைல் பேரு, '--அவுட்புட்'ல ஒரு ஃபைல் பேரு. அந்தப் பேர்ல ஏற்கெனவே ஃபைல் இருந்தா பேட்ச் மோடு மறுத்துரும், '--எஸ்' சேருங்க. ஸ்டாண்டர்ட் எரர் பைப்பையும் படிக்காம விட்டா இதே அடைப்புதான்.

கரூர்: ஃபைல் பேரை யூசர்தான் தர்றாரு. அப்படியே கமாண்ட்ல ஒட்டிரலாமா?

பதில்: கூடாதுங்க. பேர்ல ஒரு அரைப்புள்ளி (;) இருந்தாப் போதும், கமாண்டை வாசிச்சு ஓட்டற ஷெல் அதுக்கப்புறம் வர்றதைத் தனி கமாண்டா ஓட்டிரும். ஷெல்லே இல்லாம ஆர்குமென்ட்டை லிஸ்ட்டாக் குடுங்க. டிஸ்க்ல நீங்களே வெச்ச பேரு இருக்கட்டும்.

கோபி: டிக்ரிப்ட் ஆகி டேட்டா வந்திருச்சுன்னா எடுத்துக்கலாமில்லைங்களா?

பதில்: அவசரப்படாதீங்க. இடையில யாராச்சும் மாத்தியிருக்காங்களாங்கற சோதனை கடைசியிலதான் முடியும். டேட்டா அதுக்கு முன்னாலயே வந்துட்டிருக்கும். பூட்டின மெயிலைக் குறி வெச்சு 2018ல வந்த ஈஃபெயில் தாக்குதல் இந்த மாதிரி அசட்டையைத்தான் பிடிச்சுக்கிட்டது. தற்காலிக ஃபைல்ல இறக்குங்க. கோட் படிக்கறதுக்குன்னு ஜிபிஜி நிலவரம் எழுதற '--ஸ்டேட்டஸ்-எஃப்டி'ல 'டிக்ரிப்ஷன்_ஓகே' (DECRYPTION_OKAY) வரி வரணும், எக்ஸிட் கோடும் 0 ஆகணும். ரெண்டும் இருந்தா மட்டும் தற்காலிக ஃபைலோட பேரை நிஜப் பேருக்கு மாத்துங்க. கையெழுத்து இருந்தா 'வேலிட்சிக்' வரியில வர்ற ஃபிங்கர்பிரின்ட்டை நீங்க வெச்சிருக்கறதோட ஒப்பிடணும். திரையில வர்ற வாக்கியத்தைத் தேடற கோட் எழுதாதீங்க. சர்வர் மொழியை மாத்தினா அது மாறிரும்.

சென்னிமலை: பேங்க் கீ காலாவதியாகறது முன்கூட்டியே தெரியுமுங்களா?

பதில்: தெரியுமுங்க. '--லிஸ்ட்-கீஸ் --வித்-கோலன்ஸ்' ஓட்டினா ஏழாவது ஃபீல்டுல காலாவதித் தேதி, 1970 ஜனவரி 1ல இருந்து நொடிக்கணக்கா வரும். முதன்மைக் கீயோட 'பப்' வரியோட நிறுத்தாம, அதுக்குக் கீழ வர்ற சப்கீயோட (துணைக் கீ) 'சப்' வரியையும் பாருங்க. பூட்டறது பெரும்பாலும் அந்த சப்கீதான், அதுக்குத் தனித் தேதி இருக்கலாம்.