ஃபைல் முழுக்க ஒரே பெயர்

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். மாதவிடாய் 34 முதல் 36 நாட்களுக்கு ஒருமுறை வரும். 14-ஆம் நாள்தான் முக்கியம் என்று படித்ததால் 12, 13, 14 மூன்று நாளையும் தவறவிட்டதில்லை. ஸ்கேன், தைராய்டு, ட்யூப் (கருக்குழாய்) டெஸ்ட் எல்லாம் நார்மல். 21-ஆம் நாள் எடுத்த புரோஜெஸ்டிரோன் குறைவாக இருந்ததால் முட்டை வெடிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏ.எம்.எச். 1.2 என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. கணவரை டெஸ்ட் எடுக்கச் சொன்னால், 'எனக்கென்ன குறை?' என்று எழுந்து போய்விடுகிறார். போன வாரம் தங்கை தன் ஸ்கேன் படத்தை அனுப்பினாள். ஒரு வாழ்த்துகூடச் சொல்ல முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் அவ்வளவு கெட்டவளா? ரிப்போர்ட்டுகளின் நகலை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை அம்மா. நானும் நாலு வருடம் காத்திருந்தவள்தான். பிரசவம் முடிந்து குழந்தையைத் தாயின் மார்பில் வைக்கும்போது, 'டாக்டர், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?' என்று அந்தப் பெண் பிரியமாகக் கேட்பாள். கையுறையைக் கழற்றுகிற சாக்கில் திரும்பி, குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. வலித்தது, அவ்வளவுதான். உங்கள் தங்கை மேல் உங்களுக்குப் பாசம் இல்லாமலா இந்தக் கடிதத்தில் அவளைப் பற்றி எழுதினீர்கள்?

சரி, ரிப்போர்ட்டுகளுக்கு வருவோம். மொத்தம் 26 தாள்கள். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினேன். 26 தாள்களிலும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. ட்யூப் டெஸ்ட் வரைக்கும் போன பெண்ணின் ஃபைலில் கணவரின் செமன் டெஸ்ட் (விந்துப் பரிசோதனை) இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. வலியோ ஊசியோ இல்லாத பரிசோதனை அது. முதல் வாரத்திலேயே எடுத்திருக்க வேண்டும். கரு தரிக்கச் சிரமப்படும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது.

அதற்கு முன், நாள் கணக்கு. 14-ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்கு. அடுத்த மாதவிடாய் வருவதற்கு ஏறக்குறைய 14 நாட்கள் முன்பு முட்டை வெளிவரும். எண்ணும்போது பின்னாலிருந்துதான் எண்ண வேண்டும். உங்களுடைய 35 நாளில் 14 போனால் 21. வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். அப்படிப் பார்த்தால் நீங்கள் இரண்டு வருடமாகத் தவறாமல் காத்திருந்த அந்த மூன்று நாட்களும் உங்கள் உடம்புக்கு முன்கூட்டியே வந்துபோன நாட்கள். இனி 15-ஆம் நாளிலிருந்து 23 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். தேதி பார்த்துப் பதறவும் வேண்டாம்.

புரோஜெஸ்டிரோனும் அதே தவறுதான். முட்டை வெளிவந்த பிறகு உயரும் ஹார்மோன் அது. அதை மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு, அதாவது உங்களுக்கு 28-ஆம் நாள் வாக்கில் எடுக்க வேண்டும். 21-ஆம் நாள் குறைவாக இருந்ததை வைத்து முட்டை வெடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மறுபடி எடுங்கள். சந்தேகம் இருந்தால் முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேனும் ஒரு மாதம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏ.எம்.எச். முட்டைகளின் இருப்பைக் காட்டுகிற எண். தரத்தைக் காட்டாது. ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) செய்தால் ஊசிக்கு எத்தனை முட்டை வளரும் என்று கணிக்க உதவும். இயற்கையாகக் கரு தரிக்க மாதம் ஒரு முட்டை போதும். 1.2 கொஞ்சம் குறைவுதான், அதனால் காலத்தைக் கடத்தாதீர்கள். ஆனால் அந்த எண்ணுக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எடுக்கிறீர்களா? எழுதவில்லையே. இல்லையென்றால் இன்றே ஆரம்பியுங்கள்.

இனி வரும் பத்தியை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம், அவர் தனியாகப் படிக்கட்டும்.

தம்பி, உங்களுக்குப் பயமாக இருக்கும் என்று தெரியும். கவுண்ட், அதாவது விந்தணு எண்ணிக்கை, குறைந்தால் ஆண்மையே குறைந்த மாதிரி யாரோ பேசியிருப்பார்கள். இரண்டும் வேறு வேறு. தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாதவருக்கும் கவுண்ட் குறைவாக இருக்கலாம்; வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு சாம்பிள் கொடுக்க வேண்டும். லேபில் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே எடுத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேளுங்கள். காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை இறங்கும், அதனால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டோம். விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். புகையை இன்று விட்டால் பலன் மூன்று மாதத்தில் தெரியும். ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் மட்டும் போட்டுவிடாதீர்கள், விந்தணு உற்பத்தியையே அது நிறுத்திவிடும். உங்கள் மனைவி 26 முறை தனியாகப் போய் வந்திருக்கிறார். நீங்கள் ஒரு முறை போய் வாருங்கள்.

அம்மா, 'விசேஷம் உண்டா?' என்று கேட்பவர்களுக்கு, 'இருந்தால் நாங்களே சொல்வோம்' என்ற ஒரு வரி போதும். அதையும் அவரே சொல்லட்டும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்ன கணக்குப்படி ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்தச் சிரமத்தைப் பார்க்கிறார். கேட்கிறவர்கள் வீட்டிலும் இருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். இரவில் அழுகை நிற்கவில்லை, வேலை ஓடவில்லை என்றால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். நான் பார்த்தேன், இன்னும் முன்னாலேயே பார்த்திருக்கலாம்.

தங்கைக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்: 'படம் பார்த்தேன். இப்போது பேச முடியவில்லை, ஆனால் உன் ஞாபகமாகவே இருக்கிறேன்.' அவள் புரிந்துகொள்வாள். அப்புறம், அந்த 27-ஆவது தாள் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.