ஒரே பூச்சிமருந்து ஒரு நிலத்தில் கிணறு வரை போகிறது, இன்னொன்றில் போவதில்லை. ஏன்?

மருந்து மழைநீரில் கரைந்து வேர்ப்பகுதியையும் தாண்டிக் கீழே போவதைக் கசிவு என்கிறோம். எவ்வளவு கசியும் என்பது மருந்து மண்ணோடு எவ்வளவு ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தது. களிமண் துகள்களும் மக்கிய இலைதழையும் நிறைய இருந்தால் ஒட்ட இடம் அதிகம். மணலில் அது குறைவு, தண்ணீரும் வேகமாக இறங்கிவிடும்.

வெள்ளை வேட்டியில் உப்புத்தண்ணீரையும் மஞ்சள் தண்ணீரையும் வடிகட்டிப் பாருங்கள். உப்பு துணியைத் தாண்டிப் போய்விடும், மஞ்சள் கறையாக நிற்கும். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் களைக்கொல்லி அட்ரசின் கிட்டத்தட்ட உப்பு ரகம். நிலத்தடி நீரில் தென்பட்டதால் ஜெர்மனி 1991-ல் அதைத் தடை செய்தது. கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லி மஞ்சள் மாதிரி, களிமண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

சரி, அப்படியென்றால் களிமண் நிறைந்த கரிசல் காட்டுக்குக் கவலையில்லையா? அங்கேதான் ஒரு சிக்கல். கோடையில் கரிசல் ஆழமாக வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்பு வழியே, மண்ணைத் தொட்டும் தொடாமலும், மருந்தோடு நேரே கீழே இறங்கிவிடும். மண் ஊறி வெடிப்பு மூடிய பிறகு அடிப்பது நல்லது.

மண்ணில் ஒட்டிவிட்டால் மருந்து அழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: கரீபியன் கடலில் உள்ள மார்டினிக் தீவின் வாழைத் தோட்டங்களில் 1993-ல் அடிப்பதை நிறுத்திய குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து இன்னும் அந்த மண்ணில் இருக்கிறது.