கறுப்புச் சக்குலென்ட் பச்சையாகிவிட்டதா? உரத்தைத் தொடாதீர்கள்

கேள்வி: மே மாதம் ஊட்டிக்குப் போனபோது ஒரு நர்சரியில் இரண்டு கறுப்புச் சக்குலென்ட் (தடித்த இலையில் நீரைச் சேமிக்கும் சதைப்பற்றுச் செடி) வாங்கினேன். ஒன்று ‘பிளாக் பிரின்ஸ்’. இன்னொன்று குச்சியின் நுனியில் கறுப்பு ரோஜாவைச் செருகியதுபோல் இருக்கும். ‘பிளாக் ரோஸ்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீடு சென்னை குரோம்பேட்டையில், மேற்குப் பார்த்த பால்கனி. தினமும் காலையில் அரை டம்ளர் தண்ணீர் விடுகிறேன். இரண்டே மாதத்தில் பிளாக் பிரின்ஸ் பச்சையாகி, இலைக்கு இலை இடைவெளி விட்டு நீள்கிறது. உள்ளே இருந்ததை வெயிலுக்கு மாற்றினேன். இரண்டு நாளில் பழுப்புத் திட்டு விழுந்துவிட்டது. பிளாக் ரோஸோ கீழ் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டுப்போலச் சுருங்கி நிற்கிறது. பழைய கறுப்பு வர என்ன உரம் போடலாம்?

பதில்: உரம் எதுவும் வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை இன்னும் பச்சையாகும், மென்மையாகும், அழுகலுக்கும் வாகாகும். இன்றைக்குச் செய்ய வேண்டியது தண்ணீரை நிறுத்துவதுதான்.

கறுப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உதிர்ந்த இலை ஒன்றை நகத்தால் குறுக்கே கிள்ளினால், தோல் மட்டும்தான் கறுப்பு. உள்ளே வெள்ளரிப் பிஞ்சுபோல வெளிறிய பச்சை. இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் அந்தத் தோலும் கறுப்பில்லை, அடர்ந்த சிவப்பு என்பது தெரியும். நாவல்பழத் தோலுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின்தான் இதுவும். பச்சையத்தின் மேல் இந்தச் சிவப்பு கனமாகப் படரும்போது நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றுகிறது. செடிக்கு இது வெயிலைத் தாங்கும் குடை. நல்ல வெளிச்சமும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் நிறமி ஏறும். வெளிச்சம் குறைந்தாலோ, இரவு சூடாக இருந்தாலோ புதிதாக உருவாவது குறையும், இருப்பதும் சிதையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்திலும் அங்கே இரவு குளிர்தான். சென்னையில் அதே மே மாத இரவு பெரும்பாலும் 27 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆகவே நீங்கள் வாங்கிவந்த கறுப்பில் பாதி செடியுடையது, மீதி ஊட்டியுடையது.

சூடான இரவு நிறத்தோடு நிற்பதில்லை. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறக்கும். இவை நீரைச் சேமிக்க வேண்டி இரவில் திறந்து, கரியமிலவாயுவை உள்ளே இழுத்து அமிலமாக வைத்துக்கொண்டு, பகலில் துளையை மூடி உணவு தயாரிப்பவை. இரவு தணியாவிட்டால் இந்த வரவு குறைகிறது. சுவாசத்துக்குப் போகும் செலவு கூடுகிறது. செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது, வேரும் தண்ணீரைத் தொடுவதில்லை. அந்த நேரம் பார்த்துத் தினம் அரை டம்ளர் ஊற்றினால், ஈரமும் சூடும் சேர்ந்த மண் அழுகல் பூஞ்சைக்குத்தான் விருந்து. சமவெளியில் சக்குலென்ட் சாவது பெரும்பாலும் வெயிலால் அல்ல, வெயில்காலத்துத் தண்ணீரால்.

உங்கள் இரண்டு செடிகளும் பார்வைக்கு உறவுபோல இருந்தாலும் நடப்பு வேறு. பிளாக் பிரின்ஸ், எச்செவேரியா என்ற சக்குலென்ட் வகை. மெக்சிகோவைச் சேர்ந்த அஃபினிஸ், ஷேவியானா என்ற இரண்டு இனங்களின் கலப்பு. ‘பிளாக் ரோஸ்’ என்று விற்கப்பட்டது, நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், இயோனியம் என்ற இன்னொரு சக்குலென்ட் வகையில் ‘ஸ்வார்ட்காப்’. டச்சு மொழியில் ‘கருந்தலை’ என்று பொருள். இதன் மூல இனத்தின் ஊர் ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் கனேரித் தீவுகள். அங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறட்சி. அதனால் குளிரில் வளர்ந்து, வெயிலில் இலையை உதிர்த்து நடுவைச் சுருட்டிக்கொண்டு உறங்குவது அதன் சுபாவம். உங்கள் செடி செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். தண்டின் தோலை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள்: உள்ளே பச்சை தெரிந்தால் உறக்கம், பழுப்பாகவோ கொழகொழவென்றோ இருந்தால் அழுகல்.

அடுத்தது, செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். நர்சரித் தொட்டிகளில் வழக்கமாக நடப்பது இது: மேலே நல்ல மண் இருக்கும், வேர்க்கட்டின் நடுவில் எலுமிச்சை அளவுக்குத் தேங்காய்நார்த் தூள் உருண்டை ஒன்று, சில சமயம் வலைத்துணி சுற்றி, அப்படியே இருக்கும். நாற்றாக இருந்தபோது வைத்தது. வெளிமண் காய்ந்த பிறகும் இந்த உருண்டை ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளே விடாமல் ஓரமாக வழித்துவிடும். இரண்டும் கேடு. பற்குச்சியால் நிதானமாகக் குத்தி உதிர்த்து, வலையைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ உறுதியாக இருப்பது நல்ல வேர். கறுத்து, இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சுவது செத்த வேர், வெட்டிவிடுங்கள். வேரைச் சுற்றி வெண்மாவு அப்பியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, நிழலில் இரண்டு நாள் உலரவிட்டு, பழைய மண்ணைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுக்கலவையில் நட வேண்டும்.

கலவைக்கு அளவு: பருப்பளவு முதல் கடலையளவு வரை உடைத்த செங்கல் துண்டு அல்லது பியூமிஸ் (எடை குறைந்த எரிமலை நுரைக்கல்) 4 பங்கு, பருமணல் 2 பங்கு, சலித்த மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய இலையுரம் 2 பங்கு, நொறுக்கிய அடுப்புக்கரி 1 பங்கு. செங்கல் துண்டைச் சலித்துத் தூளை நீக்குவது முக்கியம். தூள் இருந்தால் சேறாகி இறுகும். எம்-சாண்ட் போடுவதானால் தெளிந்த நீர் வரும்வரை நாலைந்து முறை கழுவுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. கலந்ததும் ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து அழுத்துங்கள். கையைத் திறந்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். கொழுக்கட்டைபோல் நின்றால் இன்னும் செங்கல் சேருங்கள்.

தொட்டி, மெருகு பூசாத மண்தொட்டி. இலையடுக்கின் அகலத்தைவிட 2 செ.மீ. கூடுதலாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தோடு கிடக்கும். வெளிப்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் மேற்கு வெயிலில் தொட்டி கொஞ்சமாவது குறைவாகச் சுடும். நேரே சிமென்ட் தரையில் வைக்காதீர்கள். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தரை இரவில் கக்கும்; இந்தச் செடிகளுக்கு எந்த நேரத்தில் குளிர்ச்சி தேவையோ அந்த நேரத்தில். ஓரடி உயர இரும்பு ஸ்டாண்டு, இல்லையென்றால் இரண்டு செங்கல், காற்று அடியில் ஓடட்டும்.

இப்போது வெளிச்சம். இலைக்கு இலை இடைவெளி விட்டு நீள்வது வெளிச்சம் போதாததன் அடையாளம். அதற்காக உள்ளே இருந்த செடியை நேரே மேற்கு வெயிலுக்குத் தூக்கிவைத்ததில்தான் பிசகு. கறுத்த இலை பச்சை இலையைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சும். மாலை மூன்று மணி வெயிலில் இலைத்தோல் வெந்துவிடும். அந்தத் திட்டு ஆறாது. புது இலை வந்து பழையது கீழே இறங்கிக் காய்ந்தால்தான் மறையும். திட்டு விழுந்த இலையைப் பிய்க்க வேண்டாம், மீதிப் பகுதி வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

கிழக்கு அல்லது வடகிழக்கு மூலை கிடைத்தால் அங்கே மாற்றுங்கள். முதல் மூன்று நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு மூன்று நாளுக்கொருமுறை ஒரு மணி கூட்டி, நான்கு மணி நேரத்தில் நிறுத்துங்கள். மேற்குப் பால்கனிதான் ஒரே வழி என்றால் மார்ச் முதல் செப்டம்பர் வரை 50 சதவீத நிழல்வலை கட்ட வேண்டும். கடையில் முதலில் பச்சை வலையைத்தான் நீட்டுவார்கள். கறுப்பு கேட்டு வாங்குங்கள். பச்சை வலை வெளிச்சத்தின் சிவப்பு, நீலப் பகுதிகளைக் கூடுதலாக வெட்டிவிடும். கறுப்பு வலை எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். ஊதுபத்திக் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை இறக்கிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். கறுத்தோ மண் ஒட்டியோ வந்தால் ஈரம் இருக்கிறது. காய்ந்து வந்து, அடி இலைகள் லேசாகச் சுருங்கவும் தொடங்கியிருந்தால் அப்போது ஊற்றுங்கள். ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம்: அடித்துளை வழியே ஓடும்வரை மண்ணில் விட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இது ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை அமையும். கத்திரி வெயிலில் மட்டும் முறை மாறும்: சூரியன் இறங்கித் தொட்டி ஆறிய பின், பத்துப் பன்னிரண்டு நாளுக்கொருமுறை ஓரத்து மண் நனைய அரைக்கால் டம்ளர், அவ்வளவே. இலையடுக்கின் நடுக்குழியில் தண்ணீர் நின்றால் டிஷ்யூ காகிதத்தின் முனையைத் தொட்டு உறிஞ்சிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குக் கூரை கட்டாயம்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் அது உப்பு செறிந்த நீர்; அதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். போர்வெல் நீரும் கடினமாக இருந்தால் தொட்டிச் சுவரில் வெள்ளைப் படலம் பூக்கும். மழைநீர் பிடித்து வைத்தால் உத்தமம்.

கறுப்பு இலைச் செடியில் அழுகல் தாமதமாகத்தான் கண்ணில் படும். பச்சைச் செடி மஞ்சளாகி எச்சரிக்கும். இது கறுப்பில் கறுப்பை மறைத்துவிடும். அதனால் கண்ணைவிட விரலை நம்புங்கள். வாரத்துக்கொருமுறை அடி இலையை மெல்லத் தொடுங்கள். சுருங்கி, வளைந்து, ஆனால் ஒட்டிக்கொண்டிருந்தால் தாகம். உப்பி, வழவழத்து, தொட்டதும் கழன்று விழுந்தால் அழுகல். அப்போது யோசிக்க நேரமில்லை. பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, தண்டை அடியிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டுமுகம் முழுவதும் சுத்தமான வெளிர்பச்சையாகும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தாலும் இன்னொரு துண்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைக்க வேண்டும். மிஞ்சிய தலையை நிழலில், காற்றோட்டத்தில் ஐந்து முதல் ஏழு நாள் உலரவிட்டு, உலர்ந்த கலவையின் மேல் உட்காரவையுங்கள். வேர் ஒரு செ.மீ. நீண்ட பிறகே முதல் தண்ணீர். வெட்டிய இடத்தில் பட்டைத்தூள் தூவச் சொல்வார்கள். தூவினாலும் தூவாவிட்டாலும் காப்பாற்றுவது சுத்தமான வெட்டும் உலர்ந்த காயமும்தான்.

இலை இடுக்கில் பஞ்சுபோல் தெரிவது மாவுப்பூச்சி. கறுப்பு இலையில் எளிதில் கண்ணில் படும் என்பது ஓர் ஆறுதல். பஞ்சு சுற்றிய குச்சியை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒற்றி எடுங்கள். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. வேப்பெண்ணெய் தெளித்தால் அழகான இலைப்பூச்சு போய் எண்ணெய்ப் படலம் மிஞ்சும், வெயில் பட்டால் வெந்தும் போகும். தொட்டியில் எறும்பு வரிசை கண்டால் மாவுப்பூச்சியைத் தேடுங்கள்.

உங்கள் பிளாக் பிரின்ஸ் நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது. மழை ஓய்ந்து டிசம்பர் பிறக்கட்டும். இலையடுக்கின் கீழே மூன்று செ.மீ. தண்டு விட்டு வெட்டி, மேலே சொன்னபடியே உலர்த்தி நடலாம். அடித்தண்டையும் எறியாதீர்கள், பக்கக்குருத்து விடும். உதிரும் நல்ல இலையிலிருந்தும் குட்டி எடுக்கலாம். ரணகள்ளிபோல் இலை ஓரத்தில் முளைக்காது, தண்டோடு ஒட்டியிருந்த அடிமுனையில்தான் முளைக்கும். அதனால் அடி முழுசாகக் கழன்ற இலைதான் உதவும். இயோனியத்துக்கு இந்த இலை வித்தை பலிக்காது. தண்டுதான் நட வேண்டும். மார்கழியில் பிளாக் பிரின்ஸின் புது இலைகள் கருஞ்சிவப்பில் வரத் தொடங்கும். ஊட்டிக் கறுப்பு அளவுக்கு வராது. கடையில் ‘எப்போதும் கறுப்பு’ என்று விற்பதைக் கண்டால், ஈரப்பஞ்சால் அடி இலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் தெளித்த சக்குலென்ட்களும் விற்பனைக்கு வருகின்றன.

இயோனியத்தைச் சென்னையில் வைத்துக்கொள்வது பற்றி ஒளிக்காமல் சொன்னால், இரண்டு கோடை தாண்டினால் பெரிய காரியம். இந்த வருடம் மழை முடியும்வரை நிழலில், பதினைந்து நாளுக்கொரு சிறு தண்ணீரோடு உறங்கவிடுங்கள். கோத்தகிரி, ஏற்காடு பக்கம் உறவினர் யாராவது இருந்தால் கொடுத்துவிடுவது செடிக்கும் நல்லது.

சென்னையிலேயே ஆண்டு முழுவதும் கறுப்பு வேண்டுமானால், குளிரை எதிர்பார்க்காத செடியாகத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு ‘சீ சீ’ (ZZ) செடி, ‘ரேவன்’ என்று விற்பது, அப்படிப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, மண்ணுக்குள் உருளைக்கிழங்குபோல் நீர் சேமிக்கும் கிழங்கு வைத்திருக்கிறது. ஜன்னலோர வெளிச்சம் போதும், நேர்வெயில் ஆகாது. இதன் சாறு வாயில் பட்டால் எரியும், குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் உயரத்தில் வையுங்கள். புதுக்குருத்து பளிச்சென்ற பச்சையில்தான் கிளம்பும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி வெயிலுக்குத் தூக்கிவிடாதீர்கள். சில வாரங்களில் அதுவே முற்றிக் கறுத்துவிடும்.