லீக்ஸ் அறுக்கும்போது லொக் விடுதா?

நுவரெலியாவில் லீக்ஸ் அறுக்கும்போது மடக்குக் கத்தி லொக்கை மீறி விரல் பக்கம் மடங்கியது என்று எழுதியிருந்தீர்கள். சரிபார்க்கும்வரை அதால் எதையும் வெட்டாதீர்கள்.

உங்களுடையது லைனர் லொக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்குகிறது. கத்தியை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். தகடு அலகடியின் ஓரத்தை மட்டும் தொட்டால் பெரும்பாலும் இடையில் மண் இறுகியிருக்கும். பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் அச்சாணிக்கு ஒரு சொட்டு போதும். தகட்டின் முனையில் பட்டால் அதுவே வழுக்கும். தகடு மறுபக்கம்வரை போய் முட்டுகிறதா, தேய்ந்துவிட்டது, கத்தியை மாற்றுங்கள்.

புதிதாக வாங்கினால் பெக் லொக் எடுங்கள். முதுகுப் பக்கத்து நெம்பு அலகின் பள்ளத்தில் 'டக்' என்று விழும், பிடியை முறுக்கினாலும் லேசில் விடாது. அந்தப் பள்ளத்தில் சேறு அடைத்தால் மட்டும் அரைகுறையாக விழும். ஈர்க்குச்சியால் அடிக்கடி நோண்டிவிடுங்கள். ஒபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் வளைய லொக்கும் (அலகடியில் திருகிப் பூட்டும் வளையம், 1955இல் வந்தது) உறுதியானது. ஆனால் அதன் மரப்பிடி நம்ம மழைக்கு ஊதிவிடும், அப்புறம் அலகைத் திறக்கவே நகம் பிய்யும்.